அண்ணன் வீட்டில் மட்டும் இடிக்கும் வூஃபர்

சப்வூஃபர் சரியில்லை என்று ஒரு வாடிக்கையாளர் போன் செய்தால் நீங்கள் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு மீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், மாற்றிப் பார்க்க ஒரு புது ஒயர். நானும் கடை நடத்திய காலம் முழுக்க அப்படித்தான் கிளம்பினேன். விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால், பெரும்பாலும் பின்பக்க சுவிட்சை 'ஆட்டோ' என்ற நிலையில் போட்டு வைத்திருப்பார்கள், அது பெட்டியைத் தூங்க வைத்திருக்கும். விடாமல் இரைந்துகொண்டே இருந்தால் எர்த்தைப் பார்க்க வேண்டும், கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் எழுதி நீங்கள் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. எனக்குப் பத்து வருடத்தில் பிடிபட்டதை நீங்கள் போனில் வீடியோ பார்த்து ஒரு சாயங்காலத்தில் தெரிந்துகொள்கிறீர்கள். அதில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. அது இருக்கட்டும்.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் அகப்படாத ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிறேன். வேங்கிக்காலில் ஒரு அண்ணன் தம்பி வீட்டில் அதைப் பார்த்தேன். கடையை மூடுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் வேர்க்கடலையும் நெல்லும் போட்டுச் சம்பாதித்த ஒரு பெரியவர் இருந்தார். கோவிந்தசாமி என்று பெயர். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் தண்டபாணி, அரசாங்க ஆபீஸில் வேலை. இளையவன் சேகர், லோடு வேன்கள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். கோவிந்தசாமியின் சொந்தத் தம்பி அவரோடு பாகத்தகராறில் பிரிந்துபோய், கடைசிவரை பேசாமலே செத்துப்போனார். தன் பிள்ளைகளுக்கு அது நடக்கக்கூடாது என்று பெரியவர் வைராக்கியமாக இருந்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவது.

வேங்கிக்காலில் மனை வாங்கி, நடுவில் ஒரே சுவர் வைத்து இரண்டு வீடு கட்டினார். ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி டைல்ஸ், ஒரே மாதிரி ஜன்னல் கம்பி. தன் மனைவி இறந்ததும் அந்த அம்மாவின் படத்தை இரண்டு பிரதியாகப் பெரிதாக்கி, பொதுச்சுவரின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாட்டினார். இந்த வீட்டில் ஒரு மாதம், அந்த வீட்டில் ஒரு மாதம் என்று தங்கினார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் என் கடைக்கு வந்தார்.

"பாய், பசங்க டிவிக்கு சவுண்டு வேணும்ங்கறானுங்க. அந்த இடி மாரி விழுமே, அந்தப் பொட்டியோட வேணுமாம். எது குடுக்கறதா இருந்தாலும் ரெண்டு. ஒரு நூலு வித்தியாசம் இருக்கக்கூடாது."

"ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாள்ல மாட்டிடறேன் ஐயா," என்றேன்.

சொன்னபடியே செய்தேன். இரண்டு ஹாலிலும் டிவி தெருப்பக்கச் சுவரில். சோபா ஹாலின் நடுவில். அடிச் சத்தம் எழுப்பும் வூஃபர் பெட்டி பொதுச்சுவரை ஒட்டிய மூலையில். கண்ணாடியில் பார்ப்பதுபோல இந்த வீட்டுக்கு அந்த வீடு. பெரியவர் இரண்டு ஹாலுக்கும் நடந்து நடந்து பார்த்துவிட்டு, "இப்பதான் திருப்தி," என்று சொன்னார்.

அந்தத் திருப்தி அந்த மாதம்கூடத் தாங்கவில்லை.

சேகர் வேனைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு என் கடைக்குள் வந்தான். முகம் சரியில்லை. "இன்னா பாய், அண்ணனுக்கு நல்லதைக் குடுத்துட்டு எனக்கு மட்டும் ஓட்டையைத் தள்ளிட்டீங்களா?"

"என்னப்பா இப்படிக் கேக்கற? ரெண்டும் ஒண்ணுதானே?"

"அவங்க வீட்டுல போட்டா எங்க வீடே அதிருது. எங்க வீட்டுல போட்டா பேச்சு மட்டும்தான் கேக்குது, அடி கம்மி. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்தேன், இடி இடித்தது. ஒயரை மாற்றினேன். பின்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்சை இப்படியும் அப்படியும் போட்டுப் பார்த்தேன். எதுவும் கோளாறு இல்லை. "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுபடி வந்தான். இந்த முறை பெரியவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் இடம் மாற்றினேன். அண்ணன் பெட்டி தம்பி வீட்டுக்கு, தம்பி பெட்டி அண்ணன் வீட்டுக்கு. கோளாறு பெட்டியோடு போகிறதா, வீட்டிலேயே தங்குகிறதா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது, உங்களுக்கே தெரியும்.

இரண்டு மூன்று நாள் சத்தமில்லை. அப்புறம் போன். "என் பொட்டி அவர் வீட்டுக்குப் போனதும் நல்லா ஆயிடுச்சு பாய். அவருது இங்க வந்ததும் வீணாப்போச்சு. எனக்கு இன்னா, ராசியே இல்லியா?"

அன்றைக்குப் போய்விட்டு வெளியே வரும்போது தண்டபாணி தன் கேட்டில் நின்றிருந்தார். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர் போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவனுக்கு ஏதாவது புதுசா மாத்திக் குடுத்தீங்களா பாய்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டேன் என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் நின்று பேசுங்கள். நான் நிற்கவில்லை. எனக்கு அந்த வீட்டிலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது.

இப்போது விக்னேஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் வரும் ரோட்டில் கண்ணாடி வைத்த ஷோரூம் திறந்தான் அவன். முப்பது வயதுகூட இருக்காது. உள்ளே ஏசி, சுவர் முழுக்க மெத்தை ஒட்டிய ஒரு அறை, உட்கார்ந்து கேட்டுப் பார்க்க சாய்வு நாற்காலிகள். என் கடை தேரடிப் பக்கம் ஒரு சந்துக்குள். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் ரோட்டை அடைத்துவிடும், என் கடைக்குச் சைக்கிள்கூட வராது. அவன் கடை வாசலில் அன்றைக்கும் கார்கள் நிற்கும். எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்த ஊரில் மைக் செட் என்றால் எங்கள் குடும்பம். கல்யாணம், காதுகுத்து, மசூதி, கோயில், கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் பேசியது. என்னிடம் வாங்கிக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர், தன் புது வீட்டுக்கு விக்னேஷிடம் போனார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் ஷோரூமைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தலை மட்டும்தான் திரும்பும், காது அங்கேயே நிற்கும். அத்தனை சுத்தமான சத்தம் என் கடையிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை.

ஒரு நாள் சேகரின் வேன் என் சந்து முனையில் நின்றது. பின்னால் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. விக்னேஷ் கடை ஸ்டிக்கர். சேகர் இறங்கவில்லை, ஜன்னல் வழியாகவே சொன்னான். "கோச்சுக்காதீங்க பாய். அவர்கிட்ட பெருசா ஒண்ணு வாங்கிட்டேன். அண்ணனுது இதுக்கு முன்னாடி நிக்காது."

நான் சிரித்து, "நல்லா இருக்கட்டும்பா," என்றேன். கடைக்குள் போய் ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். அது கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வாரம் தண்டபாணியும் விக்னேஷிடமே போய் அதே அளவில் ஒன்று வாங்கிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இவர் சத்தத்தைக் கூட்ட, அவன் கூட்ட, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. பெரியவர் மாதம் பிறந்தால் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசல் மாறுவார், அவ்வளவுதான் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியவரிடமிருந்து போன் வந்தது. "பாய், இதை ஆரம்பிச்சு வெச்சது நீங்க. உடனே வாங்க. இல்லன்னா எம் பசங்க வெட்டிக்குவானுங்க."

நான் போய் ஸ்கூட்டரை நிறுத்தியபோது தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தண்டபாணி தன் கேட்டுக்கு உள்ளே பனியனோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். ஆபீஸ் சட்டையில்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. நடந்தது இதுதான். மதியம் அவர் படம் போட்டிருக்கிறார். அந்த அதிர்வு பொறுக்காமல் சேகர் தன் வீட்டில் எல்லாத் திருகையும் கடைசிவரை திருகி அலறவிட்டிருக்கிறான். பொதுச்சுவர் அதிர்ந்து, தண்டபாணி வீட்டுப் பக்கம் மாட்டியிருந்த அம்மா படம் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. அதே நேரம் சேகருடைய புது வூஃபர் எரிந்த வாடை அடித்து நின்றுபோனது.

"பெத்த அம்மாவையே கீழ தள்ளிட்டான் பாய்!" என்றார் தண்டபாணி.

"ஆரம்பிச்சது அவரு! நான் வீட்டை வித்துட்டுப் போறேன், இந்தச் சுவரும் வேணாம், இந்த உறவும் வேணாம்," என்று சேகர் தன் வாசலிலிருந்து கத்தினான். அவன் அதோடு நிற்கவில்லை. எரிந்துபோன பெட்டியை வேனில் ஏற்றி வைத்திருந்தான். என் கையைப் பிடித்து வேன் பக்கம் இழுத்தான்.

"ஏறுங்க பாய். நேரா அந்த விக்னேஷ் கடைக்குப் போறோம். ஞாயித்துக்கிழமை, கூட்டம் இருக்கும். எல்லார் முன்னாடியும் இதைத் தூக்கி அவன் கண்ணாடி மேலயே போடறேன். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். இது டூப்புதானே? நீங்க சொன்னா ஊரே நம்பும்."

இதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். நான் மாதக்கணக்கில் ஆசைப்பட்டது என் முன்னால் வந்து நின்றது. நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. "இருக்கலாம்ப்பா," என்று இழுத்தால் போதும். சேகரிடம் இருக்கும் டிரைவர்கள் மூலமாக அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் மாவட்டம் முழுக்கப் போயிருக்கும். என் வாயில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துவிட்டது. தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இறக்குப்பா. திறந்து பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன். என் நல்ல குணத்தால் அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். திறந்து பார்க்காமல் எதையும் சொன்ன பழக்கம் எனக்கு இல்லை. பழக்கம்தான் அன்றைக்குக் காப்பாற்றியது.

பெட்டியை மறுபடி ஹாலுக்குள் கொண்டுபோய்த் திறந்தேன். உள்ளே 'காயில்' என்கிற கம்பிச்சுருள் கருகிப்போயிருந்தது. சத்தம் கூட்டும் திருகுகள் எல்லாம் முழுசாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன, அந்த வேகத்தில் எந்தப் பெட்டியும் நிற்காது. மற்றபடி அது நல்ல பொருள். மரம், ஒட்டு, உள்ளே போட்டிருந்த பஞ்சு, எல்லாமே நான் விற்றதைவிட ஒரு படி மேல். எனக்கு இன்னும் எரிந்தது.

நிமிரும்போது தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பொதுச்சுவர் மூலையில் இல்லை. எதிர்ப்பக்கச் சுவர் ஓரம், சோபாவுக்குக் கொஞ்சம் முன்னால், பெட்டி அளவுக்கு நாலு மூலையிலும் டேப்.

"இது என்னம்மா?" என்று சேகரின் மனைவி மல்லிகாவிடம் கேட்டேன்.

அத்தனை களேபரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கடைக்காரத் தம்பி ஒட்டினது பாய். பொட்டியைத் தூக்கி சோபா மேல வெச்சுப் பாட்டைப் போட்டுட்டு, வீடு பூரா குழந்தை மாரி முட்டி போட்டுத் தவழ்ந்தாரு. சுவரு சுவரா காதை வெச்சுக் கேட்டாரு. இங்கதான் வைக்கணும்னு டேப்பு ஒட்டினாரு. அன்னிக்குப் பூரா நல்லாத்தான் இருந்துது."

"அப்புறம் ஏன் மூலைக்குப் போச்சு?"

மல்லிகா சேகரைப் பார்த்தாள். சேகர் வேறெங்கோ பார்த்தான். "அண்ணன் வீட்டுல மூலையிலதானே இருக்கு," என்றான். "அவருக்கு மூலையில இடிக்குது, எனக்கு இன்னாத்துக்கு நடுச்சுவத்துல?"

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் இந்த ஹாலுக்கு எத்தனையோ முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன். ஒரு தடவைகூட அந்தச் சோபாவில் உட்காரவில்லை. அந்தப் பையன் முதல் நாளே முட்டி போட்டு இறங்கிவிட்டான்.

மல்லிகா இன்னொன்றும் சொன்னாள். "அவங்க போட்டா இந்தச் சாப்பாட்டு மேசை மேல தண்ணி சொம்பு ஆடும் பாய். இவரு சொம்பையே பாத்துகினு உக்காந்திருப்பாரு."

"நீங்க போட்டா ஆடாதா?"

"யாரு பாத்தா? நாங்க போட்டா சோபாலல்ல உக்காந்திருப்போம்."

சாப்பாட்டு மேசை பொதுச்சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. அப்போதுதான் எனக்குக் காது திறந்தது. அடிச் சத்தம் சுவரோரத்திலும் மூலையிலும் போய்க் குவியும். ஹால் நடுவில், போன சத்தமும் திரும்பி வந்த சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிடும். சேகர் தன் வீட்டுச் சத்தத்தை நடு ஹாலில் சோபாவில் உட்கார்ந்து கேட்டான். அண்ணன் வீட்டுச் சத்தத்தைச் சுவரோரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டான். போதாததற்கு, பேச்சையும் பாட்டையும் சுவர் தடுத்துவிட்டு இடியை மட்டும் உள்ளே விடும். அடுத்த வீட்டிலிருந்து வருவதெல்லாம் இடியாகவே கேட்கும்.

அப்படியென்றால் அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். கேட்டில் நின்று "சும்மா கேட்டேன்" என்ற தண்டபாணியின் கேள்விக்கு எனக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

சேகரிடம் சொன்னேன். "பொருள் நல்ல பொருள்தான். டூப்பு கிடையாது. நீ முழுசா ஏத்திக் கொன்னுட்ட. கடைக்காரன் மேல தப்பில்ல." கடைசி வாக்கியத்தைப் பெட்டியின் மூடியைத் திருப்பி மாட்டிக்கொண்டே சொன்னேன். சேகர் ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்தான்.

"இப்ப அண்ணன் வீட்டுக்கு வா," என்றேன்.

"நான் எதுக்கு அங்க வரேன்?"

பெரியவர் அதுவரை மூலையில் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து, "நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா," என்று மட்டும் சொன்னார். மகன் வருகிறானா என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சேகர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்புகூடப் போடாமல் பின்னால் போனான்.

தண்டபாணி கேட்டைத் திறக்கவில்லை. பெரியவர் அதன் மேல் கை வைத்ததும் விலகி நின்றார். உள்ளே உடைந்த கண்ணாடியைப் பெருக்கி ஒரு முறத்தில் ஓரமாக வைத்திருந்தார்கள். அம்மா படம் கண்ணாடி இல்லாமல் ஷோகேஸ் மேல் சாய்ந்திருந்தது. சேகர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"சோபாவில உக்காருப்பா," என்றேன். உட்கார்ந்தான், நுனியில். மதியம் ஓடிக்கொண்டிருந்த அதே படத்தை, அதே சண்டைக் காட்சியை, அதே அளவில் போடச் சொன்னேன். தண்டபாணி முறைத்துக்கொண்டே போட்டார்.

கார்கள் மோதின, கட்டடம் இடிந்தது. வசனம் கேட்டது. கண்ணாடி உடைவது கேட்டது. அடி மட்டும் எங்கோ தூரத்தில் யாரோ கதவு தட்டுவது போல இருந்தது.

சேகர் சோபாவில் நன்றாகப் பின்னால் சாய்ந்து பார்த்தான். முன்னால் வந்து பார்த்தான். "வால்யூம் ஏத்துண்ணா," என்றான். பல மாதங்கள் கழித்து அண்ணனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"ஏத்தித்தாண்டா இருக்கு."

"இன்னாண்ணா, உனக்கு இவ்ளோதான் கேக்குதா?"

"இவ்ளோதான். மொதல்லருந்தே இதான்." தண்டபாணி அவனைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ போட்டா மட்டும் சுவரோரம் இருக்கற என் கட்டில் ஆடுது. பாய் உனக்கு ஏதோ ஸ்பெஷலா போட்டுக் குடுத்துட்டாருன்னு நெனைச்சேன். கேக்க வெக்கமா இருந்துது."

"எனக்கும் ஒண்ணும் கேக்கலண்ணா. நீ போட்டாதான் எங்க சொம்பு ஆடுது."

படத்தில் இன்னும் கட்டடங்கள் இடிந்துகொண்டிருந்தன. நான் எழுந்து நிறுத்தினேன். அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. அந்த மாதிரி ஆட்கள் இல்லை அவர்கள். சேகர் முறத்திலிருந்த கண்ணாடியைப் பார்த்து, "நான் மாத்திக் குடுத்துடறேன்," என்றான்.

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு படத்துக்கும் மாத்துங்கடா," என்றார் பெரியவர்.

"எங்க வீட்டுல உடையலியேப்பா," என்றான் சேகர்.

"உடையலன்னா இன்னா? ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசா? ரெண்டுக்கும் மாத்துங்க."

தண்டபாணி முதலில் சிரித்தார். அப்புறம் சேகரும் சிரித்தான். பெரியவருக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

அன்றைக்குச் சேகர் வீட்டில் பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, விக்னேஷின் டேப்புக்குள் வைத்தேன். சோபாவில் உட்கார்ந்த சேகர் தொடையில் தாளம் போட்டான். அதே இடத்தை அளந்து அண்ணன் வீட்டிலும் அவர் பெட்டியை வைத்தேன். அங்கே சரியாக வரவில்லை. காரணம், தண்டபாணி வீட்டு ஹாலில் பிற்பாடு ஒரு தடுப்பு வைத்து சாமி ரூம் பிரித்திருந்தார்கள். இரண்டு ஹாலும் ஒன்று என்று பெரியவர் நினைத்திருந்தார், நானும் அதை நம்பியிருந்தேன். ஒரே பெட்டி இரண்டு அறையில் இரண்டு பெட்டி. இதை மட்டும் மறக்காதீர்கள்.

வேறு வழியில்லாமல் வூஃபரைத் தூக்கிச் சோபா மேல் வைத்துப் பாட்டைப் போட்டேன். பெட்டி சோபாவில் இருக்கும்போது எந்த இடத்தில் அடி நன்றாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் பெட்டியை வைத்தால் சோபாவில் இருப்பவருக்கு அப்படியே கேட்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபது வயதில் முட்டி போட்டேன். எனக்கு ஏற்கெனவே முட்டி வலி. சுவர் ஓரமாகத் தவழ்ந்து போனேன். மல்லிகா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் நான் நினைத்தது ஒன்றுதான். இது என் வித்தை இல்லை, அவனுடையது. ஷோகேஸுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு இடத்தில் அடிச் சத்தம் உருண்டையாக, சுத்தமாக வந்து நெஞ்சில் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் குனிந்தபடி இருந்தேன். எவ்வளவு நல்ல சத்தம்!

அந்த வீட்டுச் சண்டை அதோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த கோடையில் அண்ணன் ஏசி போட்டார், தம்பிக்கு மூஞ்சி சுருங்கியது என்று கேள்விப்பட்டேன். ஆனால் சேகர் வீட்டை விற்கவில்லை. இவன் போய் அந்தச் சோபாவில் உட்காருவதும், அவர் வந்து இந்த மேசையில் டீ குடிப்பதும் நடக்கிறது. அது போதும்.

நான் ஒரு வாரம் பொறுத்து விக்னேஷின் ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது அதுதான் முதல் முறை. ஏசி குளிர் முகத்தில் அடித்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "வாங்க பாய், உக்காருங்க," என்றான். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வேங்கிக்கால் வீட்டில் நீ டேப் ஒட்டிய இடம் சரிதான். நான் அங்கேதான் வைத்தேன். அண்ணன் வீட்டிலும் உன் மாதிரிதான் தவழ்ந்து இடம் பார்த்தேன்.

சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் சிவந்தது.

"நானும் அதையேதான் சொன்னேன் பாய். மூலையில வெச்சா நடுவுல அடி வராதுன்னு படம் வரைஞ்சு காட்டினேன். அண்ணன்கிட்டயும் சொன்னேன், தம்பிகிட்டயும் சொன்னேன். விக்கறவன் ஏதோ சொல்றான்னுட்டாங்க. நீங்க போய் ஒரு வார்த்தை சொன்னீங்க, எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க." கையிலிருந்த ரிமோட்டை மேசை மேல் வைத்தான், கொஞ்சம் வேகமாகவே. "எனக்கு எத்தனை வருஷம் ஆகும் பாய், அந்த மாரி நம்ப வைக்கறதுக்கு?"

அவனுக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் குரலிலிருந்த எரிச்சலை நான் நன்றாக அறிவேன், எனக்குள் தினமும் கேட்ட எரிச்சல் அது. அது என்னைப் பார்த்து ஒருவனுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும், உங்களிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவன் கொடுத்த டீயை உட்கார்ந்து, மெதுவாக, கடைசி வாய் வரை குடித்தேன்.

கடையை மூடியபோது என் பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரையும் அவனிடம்தான் அனுப்பினேன். அவனைவிட நல்ல கை இந்த ஊரில் இல்லை. இப்போதும் சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து போகும்போது அவன் ஷோரூம் வாசலில் கொஞ்சம் நிற்பேன். உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். எங்கேயாவது ஒரு இரைச்சல், ஒரு அதிர்வு, ஒரு சின்னப் பிசிறு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கேட்பதே இல்லை.